யார் வைத்த சோதனை?

பழவேற்காட்டில் ஒரு சொல்லுக்கு ஓய்வே கிடையாது. வலை வெறுமையாக வந்தாலும், முகத்துவாரத்தை மணல் அடைத்துப் படகு கடலுக்குப் போக வழியில்லாமல் நின்றாலும், புயல் சின்னம் நாள்கணக்கில் கரையிலேயே கட்டிப்போட்டாலும், "ஆண்டவன் சோதிக்கிறான்" என்ற பெருமூச்சோடு பேச்சு முடிந்துவிடும். அம்மன் கோயிலுக்குப் போகிறவரும் சொல்வார், மாதா கோயிலுக்குப் போகிறவரும் சொல்வார், பள்ளிவாசலுக்குப் போகிறவரும் சொல்வார். இதே 'சோதனை' என்ற சொல்லைச் சென்னை தரமணியில் இன்னொரு கூட்டத்தார் நாள் முழுக்கப் புழங்குகிறார்கள். மத்திய அரசின் சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் அங்கே இருக்கிறது. சுற்றிலும் பரவும் ரேடியோ அலைகளுக்கு நடுவே ஒரு மின்னணுச் சாதனம் தடுமாறாமல் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. 'இம்யூனிட்டி டெஸ்ட்' என்பார்கள். தமிழில் தாங்குதிறன் சோதனை எனலாம். ஒரே சொல் இரண்டு இடத்திலும் ஒரே பொருளைத் தருகிறதா? ஒரு துன்பத்தைச் சோதனை என்று அழைக்க அதற்கு என்ன தகுதி வேண்டும்? சோதிக்கப்படுகிறவரின் பொறுமை மட்டும் போதாது, சோதிப்பவரும் சில கடன்களை ஏற்றிருக்க வேண்டும், ஏற்காத இடத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது பிழை என்பதுதான் என் கட்சி. அந்தக் கடன்கள் எவை என்பதை ஆய்வகத்தின் விதிப்புத்தகம் நம் ஆன்மிக உரைகளைவிடத் துலக்கமாகச் சொல்கிறது. அதனால் முதலில் அங்கே போவோம்.

சோதனை நடக்கும் அறைக்குச் 'சேம்பர்' என்று பெயர். நான்கு பக்கமும் மேலும் கீழும் இரும்புத் தகடு. உள்பக்கம் கரி ஏற்றிய நுரையாலான கூம்புகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒரு அலையும் உள்ளே வராது, உள்ளே எழும் அலை சுவரில் பட்டுத் திரும்பாது. செல்போன் சிக்னல் கதவை மூடியதும் செத்துவிடும். நடுவில் 80 சென்டிமீட்டர் உயரத்தில், உலோகம் கலக்காத ஒரு மேசை. அதன்மேல் சாதனம், படகில் வைக்கும் ஜி.பி.எஸ். பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒயர்கள் எப்படிக் கிடக்க வேண்டும் என்பதற்குக்கூட முறை உண்டு. மூன்று மீட்டர் தள்ளி ஒரு ஆன்டெனா நின்று அலையை அதன்மேல் பாய்ச்சும். 80 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, ஒரு சதவீதம் ஒரு சதவீதமாக அலைவரிசையை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஆன்டெனாவை ஒருமுறை படுக்கையாகவும் ஒருமுறை செங்குத்தாகவும் வைப்பார்கள். பெட்டியை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி மறுபடி முதலிலிருந்து. உள்ளே ஆள் யாரும் இல்லை. வெளியே ஒருவர் கேமரா வழியாகத் திரையை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எண்கள் துள்ளுகின்றனவா, திரை ஒரு நொடி வெளுக்கிறதா, பெட்டி தானாக அணைந்து எழுகிறதா என்று. மணிக்கணக்கில் நடக்கும் இந்தக் காத்திருப்பில் எனக்கு ஒரு பக்திச் சாயல் தெரிகிறது. ஆனால் இங்கே முக்கியம் வேறு.

ஐ.இ.சி. 61000-4-3 என்ற உலகளாவிய தரநிர்ணயம்தான் இந்தச் சோதனைக்கு இலக்கணம். அதை வாசிக்கும்போது மனத்தைத் தொடுவது, அது சாதனத்துக்கு விதித்திருப்பதைவிடச் சோதிப்பவருக்கு விதித்திருப்பது அதிகம் என்பதே. சாதனத்தை உள்ளே வைப்பதற்கு முன் வெறும் அறையில் அலையைப் பாய்ச்சி அளக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் சதுரத்தில் பதினாறு புள்ளிகளை எடுத்து, குறைந்தது பன்னிரண்டில் புலத்தின் வலிமை சொன்ன அளவுக்குக் குறையாமலும் அதன் இரு மடங்கைத் தாண்டாமலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் அந்த அறையில் எவரையும் எதையும் சோதிக்க உரிமை இல்லை. முதலில் சோதிக்கப்படுவது சோதனைதான். அடுத்தது, ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்ற விதி. எவ்வளவு அவசரமானாலும் அரை நொடிக்குக் குறையக் கூடாது. அதோடு, சாதனம் தன் வேலையைச் செய்து பதில் காட்டுவதற்கு எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். சோதிக்கப்படுவதன் வேகத்துக்குச் சோதிப்பவர் இறங்கி வர வேண்டும் என்று பொருள். எந்த அளவு வலிமையில் சோதிக்கப்போகிறோம், எது தேர்ச்சி, எது தோல்வி என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக ஒன்று: பெட்டி தோற்றுப்போனால் அதை யாரும் பழிப்பதில்லை. அது வடிவமைத்தவரிடம் திரும்பிப் போகிறது. அவர் ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டுவார், மூடியின் இடுக்கை அடைப்பார், சர்க்யூட்டில் ஒரு கெப்பாசிட்டர் சேர்ப்பார். தோல்வி படைத்தவரின் கணக்கில் எழுதப்படுகிறது.

இவ்வளவு கவனம் எதற்கு என்பது படகில் புரியும். படகுகளில் வைக்கும் வழிகாட்டிக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60945 தரநிர்ணயம், மீட்டருக்கு 10 வோல்ட் என்ற புலத்தைத் தாங்க வேண்டும் என்கிறது. மருத்துவமனைக்குள் பயன்படும் பெரும்பாலான கருவிகளுக்கு மீட்டருக்கு 3 வோல்ட் போதும். அதே கருவி நோயாளியின் வீட்டுக்குப் போவதானால் 10 வேண்டும். மருத்துவமனையில் யார் எந்த ரேடியோவை எங்கே பயன்படுத்தலாம் என்று தடுக்க ஆள் உண்டு, வீட்டில் இல்லை. காவல் உள்ள இடத்தில் குறைவாகவும் காவல் இல்லாத இடத்தில் கூடுதலாகவும் தாங்க வேண்டும் என்ற இந்த நியாயம் கடலுக்கு இன்னும் பொருந்தும். பழவேற்காட்டில் நின்று பார்த்தால் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியதிலிருந்து அங்கே ராடார்களும் தொடர்புக் கருவிகளும் இயங்கி வருகின்றன. படகில் பெட்டி தடுமாறினால் கை முதலில் அந்தப் பக்கம்தான் நீளும். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. புலத்தின் வலிமை தூரம் கூடக் கூடக் குறையும். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய ஆன்டெனாவைவிட, அதே படகில் ஜி.பி.எஸ். பெட்டிக்கு அரை மீட்டர் பக்கத்தில் பிடித்துப் பேசும் 5 வாட் வாக்கி டாக்கி அந்தப் பெட்டிமேல் பல மடங்கு வலிமையான அலையைக் கொட்டும். மீட்டருக்கு 10 வோல்ட் என்ற கோட்டை அது எளிதாகத் தாண்டும். கடலில் அவசர அழைப்புக்கான 16-ம் சேனலின் அலைநீளம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் கால்பங்கு, அரை மீட்டர் அளவு, பேட்டரியிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயரின் நீளத்துக்குப் பொருந்திவிட்டால் அந்த ஒயரே ஆன்டெனா ஆகிவிடும். உதவி கேட்டு அழைக்கும் குரலே வழிகாட்டும் கருவியைக் குழப்பக்கூடும். துன்பம் எங்கிருந்து வருகிறது என்று அளக்காமல் ஒரு பெயரைச் சூட்டிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டியதில்லை. ராடாரின் மேல் பழி போடுவதானாலும் கடவுளின் மேல் போடுவதானாலும் அளந்த பிறகுதான்.

இனி ஊருக்குள் வருவோம். 1515-ம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் மகிமை மாதா ஆலயம் பழவேற்காட்டில் இருக்கிறது. டச்சுக்காரர் 1613-ல் எழுப்பிய கோட்டையின் சிதைவும் அவர்கள் கல்லறைகளும் இருக்கின்றன. ஜமீலாபாத்தின் இஸ்லாமிய மீனவர்களும், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் பட்டினவ மீனவரும், நடுவூர் மாதாகுப்பத்துக் கிறித்தவரும் ஒரே தண்ணீரில் வலை போடுகிறார்கள். இந்த மூன்று மரபிலும் சோதனைக் கதை உண்டு. தெருக்கூத்தில் விடிய விடிய ஆடும் அரிச்சந்திரன், விவிலியத்தின் யோபு, குர்ஆன் பேசும் அய்யூப் நபி. மேடைப் பேச்சில் இந்தக் கதைகளின் ஒரு பாதியைத்தான் நாம் அதிகம் கேட்கிறோம்: அவர்கள் பொறுத்தார்கள், நீங்களும் பொறுங்கள் என்ற பாதியை. மறுபாதி சோதிப்பவரைப் பற்றியது. யோபின் கதையில் சாத்தானுக்கு முதலிலேயே எல்லை கிழிக்கப்படுகிறது. உடைமையைத் தொடலாம், அவனைத் தொடாதே என்பது முதல் கட்டளை, உடலைத் தொடலாம், உயிரைத் தொடாதே என்பது அடுத்தது. அரிச்சந்திரன் கதையில் சோதிக்கும் விசுவாமித்திரர் தன் தவப்பயனைப் பணயமாக வைத்துத்தான் களத்தில் இறங்குகிறார். தோற்றால் இழப்பு அவருக்கும் உண்டு. எந்த ஆன்மாவின் மீதும் அதன் சக்திக்கு மேல் சுமத்தப்படுவதில்லை என்ற கருத்து குர்ஆனிலும், தாங்கும் அளவுக்கு மேல் சோதிக்கப்பட விடமாட்டார் என்ற கருத்து பவுலின் கடிதத்திலும் வருகிறது. எல்லை, பணயம், அளவு ஆகிய மூன்றும் சோதிப்பவர் மேல் விழும் கடன்கள். சேம்பரின் விதிப்புத்தகத்தை எழுதிய பொறியாளர்கள் இந்தக் கதைகளை நினைத்து எழுதவில்லை. இருந்தும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன என்றால், 'சோதனை' என்ற எண்ணத்துக்குள்ளேயே அந்தக் கடன்கள் அடங்கியிருக்கின்றன என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஓரிடத்தில் கதையும் விதியும் பிரிகின்றன. அதை மறைத்துவிட்டுப் போவது நேர்மை ஆகாது. தாங்குதிறன் சோதனையில் விளைவுகளைத் தரம் பிரிப்பார்கள். அலை பாயும்போதும் பிசகாமல் வேலை செய்தால் ஏ. தடுமாறி, அலை நின்றதும் தானே சரியானால் பி. யாராவது கை வைத்து மறுபடி இயக்கினால்தான் சரியாகும் என்றால் சி. திரும்பி வரவே இல்லை என்றால், எந்தப் பெயரிலும் அதைத் தேர்ச்சி என்று எழுத முடியாது. யோபின் முதல் பத்துப் பிள்ளைகள் வீடு இடிந்து செத்துப்போனார்கள். கதையின் முடிவில் அவனுக்கு மறுபடி ஏழு மகன்களும் மூன்று மகள்களும் பிறக்கிறார்கள். ஆனால் இவர்கள் அவர்கள் அல்லர். குர்ஆனில் அய்யூப் நபிக்கு அவருடைய குடும்பத்தாரும், அவர்களோடு இன்னும் அத்தனை பேரும் அளிக்கப்பட்டதாக வருகிறது. அரிச்சந்திரனின் மகன் உயிரோடு எழுகிறான். யோபின் கதையில் மட்டும் அந்தப் பத்துப் பேர் கணக்கில் வராமலே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு அது சோதனையே அல்ல, வெறும் சாவு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் எவரிடமும், உன் பிள்ளையின் சாவு உனக்கு வைத்த சோதனை என்று சொல்லும் துணிவு எனக்கு வராது. ஒருவரின் உறுதியை அளக்க இன்னொருவரின் உயிர் கருவியாக முடியாது. அந்தக் கதையிலேயே கடவுள் கடைசியில் யாரைச் சினந்துகொள்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். கத்திக் கதறிய யோபை அல்ல. நீ செய்த பாவத்துக்குத்தான் இது என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொன்ன நண்பர்களை.

இங்கே ஒரு தடை எழும். கடவுளை ஒரு ஆய்வகப் பொறியாளரோடு நிறுத்தி, நீ விதிப்படி நடந்தாயா என்று கேட்பது அறியாமை இல்லையா? அளவற்றவனுக்கு நம் அளவுகோல் பொருந்துமா? தடை வலுவானது, நான் அதற்குத் தலைவணங்குகிறேன். என் கேள்வி கடவுளைப் பற்றியதே அல்ல. நம் வாயில் வரும் ஒரு சொல்லைப் பற்றியது. அளவற்றவனின் உள்ளம் நமக்குத் தெரியாது என்றால், இந்தத் துன்பம் அவன் வைத்த சோதனை என்பதும் நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் இன்னொருவருடைய துன்பத்தின் மேல் எழுதும்போதுதான் யோபின் நண்பர்களுடைய வரிசையில் போய்ச் சேருகிறோம். தன் துன்பத்தைச் சோதனை என்று ஒருவர் தாமே சொல்லிக்கொள்வது வழிபாடு. அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. இன்னொருவர் துன்பத்தின் மேல் அந்தச் சொல்லை ஒட்டுவது தீர்ப்பு. தீர்ப்பு சொல்ல முன்வருகிறவர் சான்றும் காட்ட வேண்டும். இன்னொரு தடையும் உண்டு: மனிதன் பெட்டி அல்லவே, அவன் துன்பத்தால் வளர்கிறானே என்பது. வளர்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அது பெட்டிக்குக் காட்டும் கவனத்தை மனிதனுக்குக் குறைக்கக் காரணம் ஆகாது. உயிரில்லாத ஒரு பெட்டிமேல் முன்பே சொல்லாத வலிமையில் அலை பாய்ச்சக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறோம். உயிருள்ள ஊருக்கு அதைவிடக் குறைவாக எழுதலாமா?

சொல்லின் தவறு முழுதாகத் தெரிவது, துன்பத்தை அனுப்புகிறவர் மனிதராக இருக்கும்போதுதான். இதிலும் அலைகளின் வரலாறு உதவுகிறது. வானொலிக் கேட்பில் கரகரப்பு ஏற்படுத்தும் இயந்திரங்களைக் கட்டுப்படுத்துவதற்காக 1934-ல் பாரிஸில் சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு கூடியது. அதன் முதல் கவலை, யார் எவ்வளவு இரைச்சலை வெளியே விடலாம் என்பது. தாங்குகிறவருக்கு விதி எழுதுவது பின்னால் வந்தது. ஐரோப்பா 1989-ல் இயற்றி 1996 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கிய ஆணை இரண்டையும் சேர்த்தது: நீ அளவுக்கு மேல் இரையாதே, அளவுக்குள் வரும் இரைச்சலைத் தாங்கு. அமெரிக்கா வெளிவிடுவதற்கு எல்லை கட்டி, தாங்குவதைப் பெரும்பாலும் சந்தையின் கையில் விட்டது. அங்கே விற்கும் சிறு சாதனங்களின் முதுகில், வருகிற இடையூறு எதுவானாலும் இது ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற வாசகம் இருக்கும். இந்த இரண்டில் எது நல்லது என்ற வழக்கு வேறு. எவரும் செய்யாதது ஒன்று உண்டு: வெளிவிடுகிறவருக்கு எல்லையே கட்டாமல், தாங்குகிறவரை மட்டும் தாங்கச் சொல்வது. வெளிவிடும் எல்லை கீழே, தாங்கும் அளவு மேலே, நடுவில் ஒரு இடைவெளி என்பதுதான் இந்தத் துறை நிற்கும் அடித்தளம். அந்த இடைவெளி இல்லையென்றால் 'தாங்குதிறன்' என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது, எதை எவ்வளவு தாங்குவது என்பது தெரியாதே.

திருக்குறள் பொறுமையைத்தானே உயர்த்துகிறது என்று கேட்கலாம். ஆம், பொறையுடைமை பதினாறாம் அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. மனைவி மக்களோடும் அண்டை அயலோடும் வாழ்கிறவனுக்குச் சொன்னது. ஆனால் அரசன் குடிகளை வருத்தும் இடத்துக்கு வள்ளுவர் போகும்போது குடிகளிடம் பொறுமை கேட்பதில்லை. கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்று இரண்டு அதிகாரம் அடுத்தடுத்து அரசனை நோக்கி எழுதுகிறார். துன்பத்தைத் தாங்க மாட்டாதவர் விடும் கண்ணீர் ஆட்சியின் செல்வத்தையே தேய்த்துவிடும் என்பது அங்கே வரும் கருத்து. தாங்க மாட்டாதவர் என்று ஒருவர் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். அதைக் குடிகளின் குறையாகச் சொல்லவில்லை. சமமானவர்களுக்குள் பொறை, வலியவர் எளியவர் நடுவே ஊற்றுக்கண்ணிலேயே எல்லை என்று நான் இதைப் படிக்கிறேன்.

பழவேற்காட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? ராக்கெட் ஏவும் நாளில் குறித்த பகுதிக்குள் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவக் கிராமங்களுக்கு அறிவிப்பு வரும். இதில் சோதனைக்கு உரிய இலக்கணத்தில் பாதி இருக்கிறது: தேதி உண்டு, நேரம் உண்டு, எல்லை உண்டு, முடிவும் உண்டு. நாட்டுக்குத் தேவையான பணி, அதில் ஒரு நாள் விட்டுக்கொடுப்பது பெரிதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ராக்கெட்டுகள் கொண்டுபோன செயற்கைக்கோள்கள்தான் மீனவருக்குப் புயல் எச்சரிக்கை தருகின்றன, கடலில் மாட்டிக்கொண்டவர் பொத்தானை அழுத்தினால் கடலோரக் காவல் படைக்குச் செய்தி போகும் கருவியும் செயற்கைக்கோள் வழியாகத்தான் இயங்குகிறது என்பார்கள். உண்மைதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததன் விலை குமரி மாவட்டத்துக்குத் தெரியும். 2010 முதல் புழக்கத்தில் இருந்த அந்த அபாய அறிவிப்புக் கருவி ஒருவழிப் பாதை; அழுத்தியவருக்குத் தன் குரல் யார் காதிலாவது விழுந்ததா என்பது தெரியாது. இஸ்ரோ உருவாக்கிய இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்தது என்று படகுக்குப் பதில் அனுப்புகிறது. கேட்டுக்கொண்டோம் என்ற அந்தச் சிறு பதிலின் மதிப்பு, இருட்டில் அலைமேல் இருப்பவருக்குத்தான் தெரியும். இவ்வளவையும் நன்றியோடு ஏற்றுக்கொண்டே கேட்கலாம்: பயன் ஊருக்கெல்லாம், நின்றுபோன நாளின் கூலி மட்டும் ஏன் ஒரு கடற்கரைக்கு? நன்மை வருகிறது என்பது வெளிவிடுகிறவரின் எல்லையை அழித்துவிடாது. அதோடு, தேதியும் நேரமும் குறிக்கப்பட்ட ராக்கெட் நாள், இந்த ஊரின் பாரங்களில் மிக ஒழுங்கானது. முகத்துவாரம் எப்போது தூர்ந்துபோகும், எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் கரையையும் தண்ணீரையும் எவ்வளவு மாற்றலாம், எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அப்படி ஒரு அறிவிப்பாக எழுதி யாரும் குப்பங்களுக்குக் கொண்டுவருவதில்லை. அங்கே நம்பியிருப்பது ஒன்றைத்தான்: இவர்கள் காலங்காலமாகத் தாங்கியவர்கள், இதையும் தாங்குவார்கள்.

இந்த நம்பிக்கையில் ஒரு தொழில்நுட்பப் பிழை இருக்கிறது. தாங்குதிறன் சான்றிதழ் சோதித்த மாதிரிக்குத்தான். புதிதாக, மூடி இறுக்கமாக, முனைகள் பளபளப்பாக இருந்த அந்த மாதிரிக்கு. உப்புக் காற்றில் இரண்டு வருடம் கிடந்தால் மூடியின் விளிம்பில் துரு ஏறும், உலோகமும் உலோகமும் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மெல்லிய பொருக்கு படரும், அந்த இடுக்கு வழியாக அலை உள்ளே புகும். வெளியே பார்த்தால் அதே பெட்டி, அதே சான்றிதழ் எண். தாத்தா தாங்கினார் என்பது பேரனுக்குச் சான்றிதழ் ஆகாது. தாத்தா காலத்து ஏரியில் ஆரணியாறும் காலங்கியும் கொண்டுவந்த நல்ல தண்ணீர் இருந்தது, இறாலும் மடவையும் அதற்கேற்ப இருந்தன. அந்தத் தாங்குதிறன் அந்த ஏரியோடு சேர்ந்தது.

துன்பத்தை விதிப்படி பகிரத் தெரியாத மக்கள் அல்லர் இவர்கள். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக இருக்கிறது. இறால் பிடிக்கும் சுற்றுவலைக்கு நல்ல இடம் எது, மோசமான இடம் எது என்று தெரிந்து, யார் எந்த நாளில் எங்கே போடுவது என்பதைச் சீட்டுப் போட்டும் முறை வைத்தும் பிரித்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை மோசமான இடம். தமிழில் பாடு என்றால் உழைப்பு, படும் துன்பம், கிடைக்கும் மீன், வலை போடும் முறை எல்லாம்தான். நடுவூர் மாதாகுப்பத்துத் தவக்காலத்தில் இயேசுவின் துன்பத்துக்கும் பாடுகள் என்றே பெயர். ஒரே சொல்லுக்குள் வருத்தமும் பங்கீடும் சேர்ந்து கிடப்பதை இந்த ஊர் எந்தத் தத்துவ நூலையும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த முறையில் உரிமை குறிப்பிட்ட ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு மட்டும்தானே, மற்றவர்கள் வெளியே நிற்கிறார்களே என்ற குறை உண்மையானது. அதனால் சண்டைகளும் வந்திருக்கின்றன. ஆனால் அந்தக் குறையைக்கூட எடுத்துச் சொல்ல முடிகிறதென்றால், அங்கே யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு வெளிப்படையாக இருப்பதால்தான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, என் பாடு எங்கே என்று கேட்கலாம். சாம்பல் கலந்த தண்ணீரிடமும் தூர்ந்த மணலிடமும் அப்படிக் கேட்க ஒரு கூட்டம் இல்லை.

மிச்சம் இருப்பது மனத்தை அதிகம் உறுத்தும் தடை. எதுவும் கையில் இல்லாதவருக்கு 'ஆண்டவன் சோதனை' என்ற நினைப்பு ஒன்றுதான் முதுகெலும்பு. அதையும் பிடுங்கிக்கொண்டு நீ எதைக் கொடுக்கப்போகிறாய்? பிடுங்கச் சொல்லவில்லை. இரவில் முகத்துவாரத்தின் அலையில் படகு தூக்கிப் போடும்போது, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற நம்பிக்கையைவிட வலுவான பிடிமானம் எனக்கும் தெரியாது. ஆனால் அந்த நம்பிக்கையின் உள்ளே இருப்பது என்ன? யாரோ பார்க்கிறார், எல்லை உண்டு, முடிவு உண்டு, என் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பதுதானே? அதைக் கடவுளிடம் எதிர்பார்க்கிறவர் மனிதரிடமும் எதிர்பார்ப்பதில் நம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லை. எதிர்பார்க்காமல் இருந்தால்தான் அந்தச் சொல் மெலிகிறது. ஒரு ஜி.பி.எஸ். பெட்டியின் சோதனை அறிக்கையில் எந்த அலைவரிசையில், ஆன்டெனா எந்த நிலையில் இருந்தபோது, திரை எத்தனை நொடி நடுங்கியது என்பது வரை எழுதுகிறார்கள். அதற்கென்று ஒரு பத்தி உண்டு, கீழே பார்த்தவரின் கையெழுத்து உண்டு. படகு கரையில் நின்ற நாள், காரணம், யார் சொல்லி நின்றது, அன்றைய பாடு எவ்வளவு போயிற்று என்று அதேபோல் ஒரு தாளில் எழுத ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு பதிவேடு வேண்டும். ராக்கெட் நாளுக்கு ஒரு வரி, முகத்துவாரம் அடைத்த நாளுக்கு ஒரு வரி, செத்த மீன் மிதந்த நாளுக்கு ஒரு வரி, புயலுக்கு ஒரு வரி. புயலின் வரியில் அனுப்பியவர் பெயருக்கான கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடலாம். மற்ற வரிகளில் அதை நிரப்ப வேண்டும்.